நடுவில்

இரவு இரண்டு மணிக்கு மேல் நான் நோரா.
நூர்னிஸா கீழே செக்யூரிட்டியிடம்
செல்போனோடு சேர்ந்து இருப்பாள்.
சோழிங்கநல்லூர், ஆறாவது மாடி.
கண்ணாடிக்கு அப்பால் கால்வாய் கறுப்பாய்க் கிடக்க
ஹெட்செட்டுக்குள் கொலராடோவில் சாயங்கால வெயில்.

கம்பெனி தோட்டா விற்கிறது.
நான் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை.
ஆனாலும் சொல்வேன்:
எல்க்குக்கு நூற்றெண்பது கிரெயின் போதும் சார்,
உறையோடு ஈயம் உருகி ஒட்டியதாய்ப் பாருங்கள்,
தோள் எலும்பில் பட்டாலும் சிதறாது.
முழுச் செம்பு என்றால் எடை கொஞ்சம் குறையலாம்,
நெஞ்சைத் துளைத்து அந்தப் பக்கம் வரும்.
எல்க்கையும் பார்த்ததில்லை.
கிண்டியில் ஒரு புள்ளிமானைப் பார்த்து
ஐந்தால் பெருக்கி வைத்திருக்கிறேன்.

நாலு பத்துக்கு டுவைட் என்றொருவர்.
உங்கள் தோட்டா விரியவில்லை, காசைத் திருப்பிக் கொடு.
சுட்டு இருபது நிமிஷமாம்.
முதுகைக் கூனிக்கொண்டு
மெல்ல நடந்தே மரங்களுக்குள் போய்விட்டதாம்.

ஸ்கிரிப்ட்டில் அடுத்து பேட்ச் எண் கேட்க வேண்டும்.
எப்படி நின்றது என்று கேட்டுவிட்டேன்.
பக்கவாட்டில். கொஞ்சம் எனக்கு முதுகு காட்டி.
எங்கே குறி வைத்தீர்கள்?
நடுவில்.

ஆட்டுத்தொட்டிக்குப் பின்தெருவில் பிறந்தவளிடம்
நடுவில் என்கிறார்.
ஞாயிறு தோறும் கவுஸ் கடையில்
அவர் வெட்ட நான் கழுவுவேன்.
நடுவில் என்ன இருக்கும் என்று என் விரலுக்குத் தெரியும்:
மூட்டை மாதிரி இரைப்பை,
அதற்குள் நேற்று மேய்ந்த புல் இன்னும் பச்சையாய்.
நெஞ்சு அங்கே இல்லை சார்,
முன்னங்காலை ஒட்டி, முழங்கைக்குச் சற்றுப் பின்னே.
முதுகு காட்டி நின்றால்
அந்தப் பக்கத்து முன்னங்காலை நினைத்துக்கொண்டு சுட வேண்டும்.
நுழைகிற இடமா முக்கியம், போகிற வழிதான்.

ரத்தம் இருக்கிறதா?
புல்லில் கொஞ்சம்.
முகர்ந்து பாருங்கள்.
என்ன?
முகர்ந்து பாருங்கள் சார்.

துணி உரசுகிற சத்தம். மண்டி போடுகிறார்.
மூச்சு ஒன்று உள்ளே போனது.
பிறகு, குரல் இறங்கி:
புளித்த புல் மாதிரி இருக்கிறது.

அந்த வாசம்.
ஷேர் ஆட்டோவில் பக்கத்து சீட் தள்ளி உட்காருமே, அது.
அதற்காகத்தான் இந்த பாடி ஸ்ப்ரே,
கொஞ்சம் இந்தப் பெயரும்.

தோட்டா விரிந்துதான் இருக்கும் சார்,
தப்பான அறைக்குள் விரிந்திருக்கிறது.
இப்போது பின்னால் போகாதீர்கள்.
துரத்தினால் சாகும்வரை ஓடும்,
விட்டால் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும்.
விடியட்டும்.

பனி வரும்போல இருக்கிறதே, தடம் மூடிவிடுமே என்றார்.
அதற்கு என்னிடம் வரி இல்லை,
ஸ்கிரிப்ட்டிலும் இல்லை, தெருவிலும் இல்லை.
கவுஸுக்கு ஒரே இழுப்பு.
இதற்கு ஒரு முழு ராத்திரி.

இரண்டு பேரும் சும்மா இருந்தோம்.
ஆறு நிமிஷத்தில் முடிக்க வேண்டிய அழைப்பு
முப்பத்தொன்றில் சிவந்து துடித்தது.
சுகிர்தராஜ் எழுந்து நின்று
விரலைக் காற்றில் சுற்றினான்: முடி, முடி.

பிளாஸ்க்கில் காபி இருக்கிறது,
வண்டியில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றார் டுவைட்,
எனக்குச் சொல்வதுபோல இல்லை.
வைத்துவிட்டார்.
காசைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

பேசின் பாலத்தில் கேப் அரைமணி நேரம் நின்றது.
கடையில் கூட்டம். தலையை நிமிர்த்தாமல் கவுஸ் கேட்டார்,
ஈரல் எடுத்து வைக்கவா?
வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்க
அவருக்கு நேரமில்லை.

தூங்கி எழுந்தபோது சாயங்காலம் ஆறு.
அங்கே விடிகிற நேரம்.
தண்ணி லாரிக்குக் குடம் வைக்கப் போகுமுன்
கதவை ஒருக்களித்துவிட்டு
கையை முகர்ந்து பார்த்தேன்.
சோப்பு. வெறும் சோப்பு.